கனெக்டிங் ராடின் நீளம் எதை மாற்றுகிறது?

பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை நீளமாகப் போட்டால் பவர் கூடும் என்ற பேச்சு எஞ்சின் கட்டுபவர்களிடையே வெகுகாலமாக உலவுகிறது. ஆனால் பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது கிராங்க் மட்டுமே. ராடின் நீளம் மாறினாலும் எஞ்சினின் சி.சி. மாறாது. அந்தத் தூரத்தைப் பிஸ்டன் கடக்கும் விதத்தில்தான் ராடுக்குப் பங்கு உண்டு.

80 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள எஞ்சினில் 120 மி.மீ., 160 மி.மீ. ராடுகளை வைத்துக் கணக்கிடுவோம். கிராங்க் மேல் முனையைத் தாண்டி 20 டிகிரி திரும்பும்போது, குட்டை ராடில் பிஸ்டன் சுமார் 3.2 மி.மீ. இறங்கியிருக்கும், நீள ராடில் 3.0 மி.மீ. நீள ராடில் பிஸ்டன் மேலே அதிக நேரம் தங்குகிறது என்று பெரிதாகச் சொல்லப்படுவது இந்த 0.2 மி.மீ. வேறுபாட்டைத்தான். இதை நம்பி டார்க் (முறுக்குவிசை) உயரும் என்று செலவழிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

உண்மையான ஆதாயம் பக்கவாட்டு அழுத்தத்தில் இருக்கிறது. குட்டை ராடு அதிகபட்சம் 19.5 டிகிரி சாய்கிறது, நீள ராடு 14.5 டிகிரிதான், அந்த நிலையில், பிஸ்டன் மீது அதே விசை இறங்கினாலும், சிலிண்டர் சுவரை அது தள்ளும் அழுத்தம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. நெடுநாள் ஓடிய பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால், ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில்), ராடைப் பிஸ்டனோடு கோக்கும் பின்னுக்கு (pin) குறுக்கான இரு பக்கங்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அவற்றிலும் எரிப்பு விசை சாய்க்கும் பக்கமே அதிகம் தேய்ந்திருக்கும். நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் எஞ்சினில் கிராங்கைவிட இருமடங்கு வேகத்தில் எழும் அதிர்வும் நீள ராடில் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது.

ஹோண்டாவின் பி16ஏ, பி16பி எஞ்சின்கள் இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 77.4 மி.மீ.தான், ராடு 134 மி.மீ.யிலிருந்து 142.4 மி.மீ. ஆனது. பி16பி கூடுதல் குதிரைத்திறன் தந்தது என்றாலும், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), போர்ட் (காற்றும் புகையும் செல்லும் வழி), கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) ஆகியவையும் கூடவே மாறியதால், அந்த உயர்வை ராடின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. மேலும், அந்த ராடுக்கு உயரமான பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) தேவைப்பட்டது.

பிளாக்கின் உயரத்தை மாற்றாமல் ராடை நீட்டினால் பிஸ்டனில் பின் துளையை மேலே ஏற்ற வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தத் துளை, சுவரில் எண்ணெயை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் அமரும் பள்ளத்தையே வெட்டிவிடும். ஆகவே முதலில் ஸ்ட்ரோக்கையும், அடுத்து ரிங்குகளுக்குப் போதிய இடமுள்ள பிஸ்டனையும் முடிவுசெய்துவிட்டு, மிஞ்சும் உயரத்தை ராடுக்குக் கொடுப்பதே என் வழக்கம்.