ஊர் அறிந்தும் ஏடு அறியாத பெண்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில், நிறவொதுக்கல் காலத்துக் கறுப்பினப் பெண்களை ஏடுகளில் தேடுவதே என் முதன்மையான வேலையாக இருந்தது. தென் மாநிலங்களின் பழைய நகர முகவரிக் கையேடுகள் பலவற்றில் கறுப்பினத்தவர் பெயருக்குத் தனிக் குறியீடு உண்டு. மணமான பெண்ணோ கணவர் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் முதற்பெயராக மட்டுமே இடம்பெறுவார். வெள்ளையர் நாளிதழ்கள் அவருக்குத் 'திருமதி' என்னும் மரியாதையைக்கூடப் பெரும்பாலும் தரவில்லை. நீதிமன்றமும் விலக்கன்று. 1963இல் கேட்ஸ்டன் நகரில், 'செல்வி ஹாமில்டன்' என்று அழைத்தாலன்றிப் பதில் கூற மாட்டேன் என்று சாட்சிக் கூண்டில் உறுதியாக நின்ற மேரி ஹாமில்டனுக்குச் சிறையும் அபராதமும் விதித்தார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அரசு ஏடுகள் கைவிட்ட இடத்தில் எனக்குத் துணைநின்றவை கறுப்பினத் திருச்சபைகளின் ஆண்டு மலர்களும் இறுதிச் சடங்குக் கையேடுகளும்தான். அவற்றில் அதே பெண்கள் முழுப்பெயரோடும் மரியாதையோடும், வகித்த பொறுப்புகளோடும் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லா மறைவும் பிறர் செய்ததன்று என்பதை பேருந்துகளில் நிலவிய நிறப்பாகுபாட்டை எதிர்த்து அலபாமாவின் மான்ட்கோமரி நகரக் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிய வேலையில்தான் உணர்ந்தேன். 1956இல் பேருந்துப் பாகுபாட்டை வீழ்த்திய வழக்கில் ஆரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நால்வரும் வெளிப்படையாகவே வாதிகளாக நின்றார்கள். சமையல்காரரான ஜார்ஜியா கில்மோர் வேறு வழியைத் தேர்ந்தார். அவர் திரட்டிய பெண்கள் தத்தம் வீடுகளில் சமைத்த உணவை விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலைபார்த்தவர்கள். பெயர் வெளிப்பட்டால் அன்றைய பிழைப்பே போய்விடும். ஆகவே தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்துமே வராதவர்களின் மன்றம்' என்னும் பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், 'எங்கிருந்துமே இல்லை' என்று பொய்யின்றிச் சொல்லலாம் அல்லவா! புறக்கணிப்புத் தொடர்பான வழக்கில் சாட்சியம் அளித்ததற்காகக் கில்மோரே வேலையை இழந்தார் என்பதை எண்ணினால் அந்த எச்சரிக்கையின் நியாயம் விளங்கும்.

இத்தகைய பெயர்கள் கண்ணில் பட்டவுடன் பட்டியலில் ஏற்றிவிட ஆய்வாளருக்கு உரிமை உண்டு என்று நான் கருதவில்லை. நகராட்சி எழுத்தர் விட்டுவிட்ட பெயரைத் தயக்கமின்றிச் சேர்ப்பேன். ஒரு பெண் தானே மறைத்துக்கொண்ட பெயரென்றால் முதலில் அவர் குடும்பத்தாரைக் கேட்பேன். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், செய்த வேலையை மட்டும் எழுதிப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவேன்.