இடப்பக்கம் சாயும் கோடுகள்

பள்ளியில் எங்களுக்குப் பட்டறை வேலை கற்றுக்கொடுத்த கிராஃப்ட் சார் காலமானார் என்ற செய்தி சென்ற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கைப்பேசியில் வந்தபோது, நான் சவுத்தாம்ப்டனில் வீட்டுப் பின்கட்டில் பீன்ஸ் நாற்றுகளுக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் மே மாதம் பாதி கழியும்வரை உறைபனிக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டு நட்டால் ஒரே இரவில் நாற்று கருகிவிடும். செய்தியைப் படித்த பிறகும் கையிலிருந்த ஆறு நாற்றுகளை நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். இதைக் கல்நெஞ்சம் என்று யாரும் எண்ண வேண்டாம். வேர் காயக் காய நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவனை அவர் என்ன சொல்லித் திட்டுவார் என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே தொழிற்பாடம் சேர்த்துக் கற்பித்த எஞ்சினியரிங் பைஃபர்கேட்டட் பிரிவில் படித்த எல்லாருக்கும் தெரியும்.

பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தருமாறும், நான் செய்த நீராவி எஞ்சின் மாதிரியின் படம் ஒன்றை அனுப்புமாறும் ஆசிரியர் குழு கேட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு காரியங்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படி இல்லை.

பள்ளியின் பின்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை நம்மவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சாவி வாங்க ஓடும் ஓட்டம், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் நாலாம் நம்பர் வைஸின் தேய்ந்த தாடை, பின்னி மில் சங்கும் ரயில் எஞ்சின் பட்டறையான லோகோ வொர்க்ஸின் சங்கும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். மில் 1996இல் மூடப்பட்டுவிட்டது. பெரம்பூரில் இப்போது நேரம் எப்படித் தெரிகிறதோ. கொட்டகைக்கும் மதிற்சுவருக்கும் நடுவில் இருந்த நாற்பதடி நிலம் கிராஃப்ட் சாரின் தோட்டம். கத்தரி, வெண்டை, சிறுகீரை, சுவரோரம் பூவரசு. அடிபம்பில் வருவது உவர்நீர்; மழை பெய்து ஒரு மாதம்வரை குடிக்கலாம், அதன் பிறகு செடிக்கு மட்டும்தான் ஆகும், அதுவும் எல்லாச் செடிக்கும் ஆகாது. அவர் இளவயதில் லோகோ வொர்க்ஸில் ஃபிட்டராகப் பயிற்சி பெற்றவர். அந்த வேலையை விட்டு நம் பள்ளிக்கு ஏன் வந்தார் என்பதற்கு நான்கு கதைகள் உலவின. நான்கையும் நாமே கட்டினோம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறங்குல எஃகு ஸ்கேல் வைத்திருப்பார். அதைக்கொண்டே நாற்றுக்கும் நாற்றுக்கும் இடைவெளி அளப்பார்.

ஆண்டுவிழாக் கண்காட்சியில் மட்டும் அலமாரியிலிருந்து அவருடைய சிறிய எஞ்சின் வெளியே வரும். பம்பு ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டிதான் பாய்லர். சிலிண்டர் ஒன்றே ஒன்று. அது தன் அச்சில் இப்படியும் அப்படியும் ஊசலாடும்போது, அதன் முகத்திலுள்ள துளை ஒருபுறம் நீராவி வரும் துளையோடும் மறுபுறம் வெளியேறும் துளையோடும் மாறி மாறிப் பொருந்தும். தனியாக வால்வு எதுவும் கிடையாது. பார்க்க விளையாட்டுச் சாமான்போல இருந்தாலும், அந்த இரண்டு முகங்களும் மட்டமாக இல்லாவிட்டால் நீராவி முழுவதும் இடுக்கு வழியே சீறிப் போய்விடும், சக்கரம் அசையாது. ஒவ்வோர் ஆண்டும் அடுப்பு மூட்டுவதற்கு முன் தொட்டி முழுக்கத் தண்ணீரை நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்து, கைப்பம்பினால் அழுத்திச் சோதிப்பார். தண்ணீர் சுருங்காது, ஆகவே மூட்டை ஒட்டிய உலோகப் பற்று விட்டால் ஒரு சொட்டு கசியும், அதோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்றோ நீராவியோ அப்படி இல்லை, சுருங்கிக் கிடந்து மொத்தமாக விரியும், ஆளை அடிக்கும். கப்பல் எஞ்சின் அறையில் பின்னால் எனக்குப் பல பெரியவர்கள் இதையே பல படங்கள் போட்டு விளக்கினார்கள். அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

1973ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு. முதல் பருவம் முழுவதும் ஒரே வேலைதான்: ஒன்றரை அங்குல மைல்ட் ஸ்டீல் கட்டையை அரத்தால் மட்டுமே ராவி, ஆறு முகமும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கும் கனசதுரமாக்க வேண்டும். எளிது என்று நினைப்பவர்கள் ஒரு முகத்தை ராவிப் பார்க்கட்டும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது வெட்டாது. தள்ளத் தொடங்கும்போது முன்கை அழுத்த வேண்டும், முடிக்கும்போது பின்கை அழுத்த வேண்டும், நடுவில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இந்தப் பங்கீடு கைக்குப் பழகாதவரை அரம் தராசுபோல ஆடும். ஓரங்கள் தேய்ந்து நடுவில் முதுகு விழும். என் கட்டைக்கு ஆறு முகத்திலும் முதுகு. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இருபுறமும் ஒளி சிரிக்கும். ஒரு முகத்தைச் சரிசெய்யப் போய் அடுத்தது கோணும். கோணலைத் திருத்தப் போய்க் கட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு நான் இடதுகைக்காரன். வைஸ் மேசைகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்காக நெருக்கிப் போடப்பட்டவை. என் முழங்கை ஒவ்வொரு தள்ளலுக்கும் பக்கத்துப் பையனின் விலாவில் இடிக்கும்.

பருவம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேத் பட்டறைக்குப் பொங்கல் காசு இரண்டு ரூபாயோடு போனேன். அவர்கள் புதுக்கட்டை ஒன்றை ஷேப்பரில் ஏற்றி ஆறு முகமும் செதுக்கினார்கள். இயந்திரத்தின் கோடு தெரிந்துவிடக் கூடாதே என்று நான் கேட்டுக்கொண்டதால், அங்கிருந்த ஃபிட்டர் பையன் மேலாக அரமும் போட்டுக் கொடுத்தான். நிறைவான ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டேன். கட்டையைத் தேங்காயெண்ணெய் தடவிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன்.

கிராஃப்ட் சார் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒளி கசியவில்லை. நீலம் தடவிய சமதளத் தட்டில் தேய்த்துப் பார்த்தார். முகம் முழுவதும் நீலம் ஒட்டியது. அப்போதே அவர் பாராட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவரோ கட்டையை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், வெளிச்சம் அதன்மேல் வழுக்கிப் போகும்படி சாய்த்துப் பிடித்தார். பிறகு ஒரு பழைய தகட்டை என் வைஸில் மாட்டி, பத்து முறை அரம் போடச் சொன்னார். வழக்கம்போல இடக்கையால் பிடியையும் வலக்கையால் முனையையும் பிடித்துத் தள்ளினேன். தகட்டைக் கழற்றிக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வகுப்பு முழுவதையும் கூப்பிட்டார்.

“தகட்டுல கோடு இடப்பக்கம் சாயுது. கட்டையில வலப்பக்கம் சாயுது. ஒரே கை எப்படிடா ரெண்டு பக்கமும் சாயும்?”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபின் எழுந்த சிரிப்பைக் கேட்டவர்களில் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள், சிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்த வாரமே மறந்துபோயிருக்கும். தோட்டத்தின் கோடியில் முருங்கைப் போத்து நடக் குழி வெட்ட வேண்டியிருந்தது. மண்வெட்டியை என்னிடம் கொடுத்து முழங்கால் ஆழத்துக்கு வெட்டச் சொன்னார். வெட்டி முடித்ததும் கட்டையைக் குழியில் போடச் சொன்னார். “இதைச் செஞ்சது நீ இல்லை. துருவாவது உன்னோடதா இருக்கட்டும்” என்றார். அதன்மேல் எருவும் மண்ணும் போட்டு, போத்தை நட்டு, நுனியில் சாணி உருண்டை வைத்தேன். மீதிப் பருவம் முழுவதும் காலை மணிக்கு முன்னும் மாலை மணிக்குப் பின்னும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. “இன்னா கட்டை, மரத்துக்குத் தண்ணி காட்டிட்டியா?” என்று கேட்காமல் ஒருவரும் என்னைத் தாண்டிப் போனதில்லை. அந்தப் பெயர் பதினொன்றாம் வகுப்பு முடியும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

முருங்கைக்கு உவர்நீர் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த ஆண்டே காய்த்தது. கிராஃப்ட் சார் முதல் கட்டுக் காயை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, “உங்க பையன் நட்ட மரம்மா” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். குழிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அம்மா அன்று வைத்த சாம்பாரைத் தெருவில் மூன்று வீட்டுக்குக் கொடுத்து, “என் புள்ள நட்ட மரத்துக் காய்” என்று சொல்லிவந்தார். என் தொண்டையில் அது இறங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு ராவ வந்தது. மறுபருவத்தில் என் கையாலேயே ஒரு கட்டை முடித்தேன். முழுச் செங்கோணம் என்று சொல்ல மாட்டேன். கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

துறைமுகத்துப் பட்டறையில் பயிற்சி, 1981இல் கப்பல், 1990இல் சவுத்தாம்ப்டனில் கரையேற்றம். நடுவிலுள்ள ஆண்டுகளில் இங்கே சொல்லத் தக்கது ஒன்றுமில்லை. வீடு வாங்கியபோது, பின்கட்டில் பத்தடிக்கு எட்டடி மரக்கொட்டகை இருந்ததால்தான் அந்த வீட்டை எடுத்தேன் என்பதை என் மனைவி இன்றும் மன்னிக்கவில்லை. பழைய மைஃபோர்டு லேத் ஒன்றை வாங்கி உள்ளே நிறுத்தினேன். வைஸை எனக்கு வசதியாக இடதுகைப் பக்கம் போட்டேன். அந்தச் சிறு காரியம் தந்த மகிழ்ச்சியைக் கப்பலில் பதவி உயர்வுகூடத் தரவில்லை.

1998இல் நம் ரயில்வேயின் டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினின் மாதிரியைத் தொடங்கினேன். சுதந்திரம் வந்த ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து முதல் 16 வந்தனவே, அந்தத் துப்பாக்கிக் குண்டு மூக்கு வண்டி. பேசின் பிரிட்ஜ் பாலத்தின்மேல் நின்று நாம் புகையில் முகம் கருக்க வேடிக்கை பார்த்தது அதைத்தான். இங்குள்ள மாதிரி எஞ்சின் சங்கத்தாரின் தண்டவாளம் 3½ அங்குல அகலம். ஆங்கிலேய வண்டியின் 4 அடி 8½ அங்குலத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்த அளவு வரும். நம் அகலப்பாதையோ 5 அடி 6 அங்குலம். அதே பங்கில் குறைத்தால் 4 அங்குலத்துக்கும் மேலே போகும், இவர்கள் தண்டவாளத்தில் நிற்காது. பாதையைத் தனியாகப் போட எனக்கு நிலம் இல்லை. ஆகவே சக்கரங்களை நெருக்கி, வண்டியின் இடுப்பை ஒடுக்கிக்கொண்டேன். மேலே உடம்பு நம் ஊர் உடம்பு, கீழே கால் இந்த ஊர்க் கால். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் உறுத்தும்.

கொட்டகையின் வேலையும் தோட்டத்தின் வேலையும் கலந்தே நடந்தன. குளிரில் விரல் விறைத்து அரம் பிடிக்க முடியாத மாதங்களில் விதைப் பெட்டிகளைக் கொட்டகைக்குள் வைத்து, பட்டறை விளக்கின் சூட்டில் தக்காளி முளைக்க வைத்தேன். விறகுச் சாம்பல் செடிக்கு நல்லது என்ற நம் ஊர்ப் பாடத்தை நம்பி, சங்கத்து எஞ்சின்களின் நிலக்கரிச் சாம்பலை ஒருமுறை வாரிவந்து பாத்தியில் கொட்டப் போனேன். பக்கத்துப் பாத்திக் கிழவர் ஓடிவந்து தடுத்தார். நிலக்கரிச் சாம்பலில் உள்ள நச்சுப் பொருள்கள் காய்கறி விளையும் மண்ணுக்கு ஆகாதாம். இப்போது அது நடைபாதையில் கிடக்கிறது.

சட்டம், சக்கரம், சிலிண்டர், இணைப்புத் தண்டுகள் எல்லாம் நானே செய்தேன். மற்றவர்கள் லேசரில் வெட்டிய தகட்டை வாங்கிப் பூட்டியபோது, நான் ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவினேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. பாய்லரில்தான் மாட்டிக்கொண்டேன். செம்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து, அச்சின்மேல் தட்டி மடக்குவதுவரை வந்தது. மூட்டுகளை ஒட்டும் வெள்ளிப்பற்று உருக 600 பாகை செல்சியசுக்கும் மேலே சூடு வேண்டும். செம்போ சூட்டை ஓரிடத்தில் நிற்க விடாமல் உடம்பு முழுவதும் கடத்திவிடும். இரண்டாம் மூட்டைப் பற்றவைக்கும்போது முதல் மூட்டு இளகி வாய் திறந்தது. மறுபடி செய்ததும் கசிந்தது. பதினான்கு ஆண்டு உழைத்த களைப்பு ஒருபுறம், அந்த ஆண்டு நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது மறுபுறம். மூன்றாம் முறை முயலவில்லை. தொழிலாகச் செய்பவர் ஒருவரிடம் பாய்லரைச் சொல்லி வாங்கினேன்.

2014இல் சங்கத்தில் அழுத்தச் சோதனை நடந்தது. வேலை செய்யும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு. அதைப்போல இருமடங்கு, 160 பவுண்டுக்குத் தண்ணீரால் ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு சொட்டும் கசியவில்லை. சோதித்த இருவருக்கும் கையிலுள்ள சான்றிதழைப் பார்த்து அது வாங்கியது என்று தெரியும். சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் என் தோளைத் தட்டியபோது நான் தலையை ஆட்டினேன். அதுகூடப் பெரிதில்லை.

2017 ஜனவரியில் சென்னைக்கு வந்தேன். வர்தா புயல் அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் முருங்கை எப்போதோ முறிந்துபோய், அதன் போத்தில் வளர்ந்த மரம் சுவரோரம் நின்றதாம். அதையும் புயல் சாய்த்துவிட்டிருந்தது. அயனாவரத்தில் மகள் வீட்டில் இருந்த கிராஃப்ட் சாரைப் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்கிய வயதிலும் சட்டைப் பையில் ஸ்கேல் இருந்தது. 1855இல் லீட்ஸில் கட்டிய, கிழக்கிந்திய ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 எஞ்சினை லோகோ வொர்க்ஸ்காரர்கள் 2010இல் மறுபடி ஓட்டிக் காட்டியதைத்தான் முதலில் பேசினார். “காணாமப்போன சாமான் எல்லாம் நம்ம ஆளுங்களே புதுசா செஞ்சாங்க. எது புதுசு, எது பழசுன்னு கேட்டா ஒளிக்காம சொல்றாங்க” என்றார். அதில் எதுவும் குத்தலாக எனக்கு அப்போது படவில்லை.

என் எஞ்சினின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், ஓட்டுநர் நிற்கும் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் நின்றுவிட்டார். பாய்லரின் பின்தகடு முழுவதும் தெரியும் படம் அது.

“பற்று நல்லா ஓடியிருக்கே. நீயா?”

“ஆமாம் சார்.”

என் இடக்கையைப் பார்த்தார். “நல்லது” என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அங்கே முருங்கை வருமா?” என்று கேட்டார். வராது சார், பனி கொன்றுவிடும், தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்தால் இலை மட்டும் கிடைக்கும் என்றேன். இலையாவது கிடைக்கிறதே என்றார்.

திரும்பும் விமானத்தில் பொழுதுபோகாமல் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்தகட்டின் கீழ் விளிம்பில், செய்தவர் பொறித்த வரிசை எண் தெளிவாகத் தெரிந்தது. தானே செய்த பாய்லருக்கு எவன் வரிசை எண் போடுவான்? அதன் பிறகு எட்டுப் பொங்கலுக்கு அவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் முருங்கையைப் பற்றிக் கேட்டார். பாய்லரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவருடைய சிறிய எஞ்சினை நினைவுக் கூட்டத்தில் ஓட்டிக் காட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தொட்டியின் பற்றுக்கு ஐம்பது வயதுக்கும் மேலாகிறது. தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்காமல் யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம்; கசிந்தால் மேசைமேல் வைத்துக் காட்டினாலே போதும்.

கேட்டிருந்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன். பின்தகடு தெரியும் படத்தையே தேர்ந்திருக்கிறேன். அதன் கீழே, “சட்டம், சக்கரம், சிலிண்டர்: 1975 அணி மாணவர். பாய்லர்: விலைக்கு வாங்கியது” என்று போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.