பொறுப்பு ஒப்படைத்த பதினெட்டு நாட்கள்

ஓய்வு பெறும் நூலகர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு நூலையும் பதிவு எண் வாரியாகக் காட்டி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கணக்கு நேராகும்வரை நிலுவையின்மைச் சான்று வராது; அது வராமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. 2013-ல் எனக்கு இதற்குப் பதினெட்டு நாட்கள் பிடித்தன.

நான் 1981-ல் மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்தேன். பொது நூலகத்துறை தனித் துறையாகி ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நூலகவியல் படித்த வே. தில்லைநாயகம் அப்போது இயக்குநர். நம் தொழிலைக் கற்ற ஒருவரே துறைக்குத் தலைமை தாங்குகிறார் என்பது என் போன்ற புதியவர்களுக்குப் பெரிய தெம்பு. ஊர் ஊராக மாறி, 1994-ல் இந்தக் கிளை நூலகத்துக்கு வந்தேன். கடைசிவரை இங்கேதான்.

எனக்குப் பின் வந்த தம்பி சுறுசுறுப்பானவர். நான் பதிவேட்டைப் பார்த்து எண்ணைப் படிப்பேன். அவர் தட்டில் தேடி எடுத்து "இருக்கிறதம்மா" என்பார். நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். பதினான்காயிரத்துக்கு மேல் எண்கள். வாசகர்கள் வந்துபோகும் நேரத்தில் இருநூறு, முந்நூறு தாண்டுவதே கடினம். வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில்தான் வேலை ஓடியது.

முகப்புப் பக்கம் கிழிந்த நூல்கள்தான் பெரும்பாடு. அவற்றுக்கு ரகசியப் பக்கம் கைகொடுத்தது. நூல் எங்களுடையது என்பதற்கு, வெளியாருக்குத் தெரியாத ஒரு பக்கத்திலும் நூலக முத்திரை குத்தி எண் எழுதி வைப்போம். எங்கள் நூலகத்தில் அது 51-ஆம் பக்கம். அட்டையும் முதல் இருபது பக்கங்களும் போன ஒரு நாவலை தம்பி விரித்தார். ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகளிலிருந்து மாவு போல் தூள் கொட்டியது. முத்திரையின் பாதி வட்டம் அரிக்கப்பட்டிருந்தது. எண் மட்டும் பிழைத்திருந்தது.

முதல் சுற்றில் 211 நூல்கள் காணவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இரவல் அட்டைகளைப் பிரித்து, வீடு வீடாக ஆள் அனுப்பினோம். பைண்டிங்குக்குக் கட்டி வைத்து மறந்த மூட்டை ஒன்று பரணில் கிடைத்தது. இடம் மாறி நின்றவையும் பல. இறுதியில் 86 நின்றது. பாதிக்கு மேல் போட்டித் தேர்வு நூல்கள்.

எனக்கு முன் இருந்தவரின் கணக்கில் குறைந்தவை பதினொன்று. அவர் நாவல் பீரோவைப் பூட்டியே வைத்திருந்தார். கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பார். நான் வந்த வாரமே பூட்டைக் கழற்றினேன். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே முதல் விதியாகச் சொன்னதை நான் அப்படியே நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

மத்திய அரசு நூலகங்களுக்கான பொது நிதி விதிகளில் ஓர் அளவு உண்டு. ஓராண்டில் இரவல் போன அல்லது படிக்க எடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை குறைந்தால், நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவரை, அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். எங்களிடம் நாளொன்றுக்கு நாற்பது நூல்கள் இரவல் போயின. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் என்று வைத்தால், அந்த அளவுப்படி ஓர் ஆண்டுக்கே அறுபது. என் குறைவு பத்தொன்பது ஆண்டுகளுக்கு 86. ஆனால் நாங்கள் மாநில அரசின் கீழ் இருப்பவர்கள், அந்த விதி எங்களைக் கட்டுப்படுத்தாது. விலையைக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ரசீதைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் உறுத்தியது. "பீரோவைப் பூட்டிவிடட்டுமா அம்மா?" என்று அன்று மாலையே கேட்டார்.

வேண்டாம் என்றேன். நான் செய்யத் தவறியதைச் சொன்னேன்: ஆண்டுக்கு ஒரு முறை நீங்களாகவே இருப்பு சரிபாருங்கள். குறைந்தவற்றின் பட்டியலை அந்த ஆண்டே மேலே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். பத்தொன்பது ஆண்டுச் சுமையை ஓய்வு பெறும் மாதத்தில் ஒருவர் தலையில் ஏற்றக் கூடாது.

சான்று வர நான்கு மாதங்கள் ஆயின. அதை வாங்கப் போயிருந்தபோது ஓர் அம்மாள் மஞ்சள் பையுடன் வந்தார். கணவர் இறந்துவிட்டாராம், அவர் தலைமாட்டில் இருந்த நூலாம். எடுத்துப் பார்த்தேன், 86-ல் ஒன்று. "நீங்கள் விலை கட்டியது, உங்களுக்கே சொந்தம்" என்றார் தம்பி. நன்கொடைப் பதிவேட்டில் என் பெயரை எழுதச் சொன்னேன். அவர் புதிய எண் போட்டு, 51-ஆம் பக்கத்தில் பழைய முத்திரைக்குக் கீழே இன்னொரு முத்திரை குத்தினார். மை காயும்வரை விரித்தபடியே மேசையில் வைத்திருந்தோம்.