ஆல்ஃபா 0.92 வந்த பிறகும்

ஐரோப்பாவில் உருவான 47 கேள்விகள் கொண்ட உடல்நல அறிவுப் படிவத்தைத் தமிழாக்கிச் செட்டிநாட்டு ஊர்களில் கேட்டுவிட்டு வருபவர்கள், உடனே பார்ப்பது, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா எண்ணைத்தான். அதில் மயங்க வேண்டாம். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலே 47 கேள்விக்கு ஆல்ஃபா 0.92 வந்துவிடும், பத்தே கேள்வி என்றால் அதே ஒட்டுறவுக்கு 0.71தான். எல்லாவற்றுக்கும் 'எளிது' என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவைப்பவர்களும் அதை உயர்த்திக் கொடுப்பார்கள்.

நம்பகத்தன்மை கெடுவது கணினியில் அல்ல, வீட்டு முகப்பில். "மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு எவ்வளவு எளிது?" என்று படிவத்தில் இருக்கும். அதை யாரும் அப்படியே கேட்க மாட்டார்கள். "டாக்டர் சொல்றது வெளங்குதா ஆச்சி?" என்பார் கேட்பவர். "வெளங்குது" என்பார் ஆச்சி. 'மிக எளிது' முதல் 'மிகக் கடினம்' வரையான நான்கு படி அளவுகோல் ஆமா, இல்லை என்று சுருங்கிப் போயிற்று. 'எளிது' கட்டத்தில் டிக் போட்டது ஆச்சியல்ல, கேட்டவர். இன்னொருவர் வேறு மாதிரி கேட்பார், பதிலும் மாறும். பேச்சு வடிவத்தையே படிவத்தில் அச்சிட்டுவிடுவது நல்லது. பதிலை இரண்டு கட்டமாக வாங்கலாம்: முதலில் "சுலபமா, கஷ்டமா?", பிறகு "ரொம்பவா, கொஞ்சமா?"

ஆங்கிலத்தில் 66 மருத்துவச் சொற்களை உரக்கப் படிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. தமிழுக்கு அது உதவாது. எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று பிசகாமல் வாசித்துவிடுவார். அர்த்தம் 'கிட்னி பெயிலியர்' என்றால்தான் பிடிபடும்.

அதே ஆட்களிடம் மறுபடி கேட்டுப் பதில் நிலைக்கிறதா என்று பார்க்கும் மறுசோதனைக்கு இரண்டு வார இடைவெளி வழக்கம். அதற்குள் போனால் பழைய பதில் நினைவில் இருக்கும். தள்ளிப் போனால் ஆளே மாறியிருப்பார். இங்கே வேறு சிக்கல். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வந்தவர்கள் இரண்டு வாரத்தில் சென்னை திரும்பியிருப்பார்கள், வீடு பூட்டிக் கிடக்கும். ஐம்பது பேர் வேண்டுமென்றால் அறுபத்தைந்து பேரிடம் தொடங்குங்கள், "பதினஞ்சு நாளைக்கு ஊர்ல இருப்பீங்களா?" என்பதை முதல் நாளே கேளுங்கள். அப்படியும் மிஞ்சுவது பெரும்பாலும் வயதானவர்கள்தான். இரண்டு முறை மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்தன என்று சொல்லும் ஐசிசி எண் அவர்களுக்கே பொருந்தும். இடையில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வந்து பிரஷர் மாத்திரையை விளக்கிவிட்டுப் போயிருந்தால் பதில் மாறுவது நியாயம், படிவத்தின் குற்றமல்ல. இரண்டாம் முறை மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம். யார் உடனிருந்தார்கள் என்பதற்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இரண்டு முறை பதிலும் எவ்வளவு ஒத்தன என்று சொல்லும் காப்பா கணக்கிலும் ஒரு பொறி. அறுபது பேரில் 54 பேர் இரண்டு முறையும் 'எளிது'. மூவர் முதல் முறை மட்டும், வேறு மூவர் இரண்டாம் முறை மட்டும் 'கடினம்'. ஒப்புமை 90 சதவீதம், காப்பாவோ மைனஸ் 0.05! எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் காப்பா இப்படித்தான் சரியும். இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணோடு ஒட்டாத கேள்வியை உடனே வெட்டிவிடாதீர்கள். வேலையிடத்தில் உடல்நலம் பேணும் ஏற்பாடுகள் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. வெளிவேலைக்கே போகாத ஆச்சி அதற்கு என்ன சொல்வார்? "எனக்கு அது என்னத்துக்குப்பா" என்பார். அதைக் 'கடினம்' என்று குறிப்பது பொய். 'பொருந்தாது' என்று தனிக் குறியீடு கொடுத்து, அவர்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.