ஐந்து இலக்கமா, இரண்டு இலக்கமா

அறிக்கையின் பின்னிணைப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினேன், நடந்தது அவ்வளவுதான். ஐந்து இலக்கம் போட்டால் ஒரு மீட்டர் கணக்கில் இடத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் எங்கோ, அதுவும் மங்கோலியாவின் கெந்தீ மலைக்காட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது சேறும் பாறையும் விழுந்து கிடக்கும் மரங்களுமாகப் பாதி நாளைத் தின்றுவிடும்.

எங்களை வேலைக்கு அமர்த்தியவர்கள் பெயர் வேண்டாம். செங்கிஸ் கான் கல்லறையைத் தேடுகிறோம் என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை, "நிலத்தடி ஆய்வு" என்றுதான் தாளில் இருந்தது, ஆனால் அவர் புதைக்கப்பட்டதாகப் பலர் நம்பும் புர்கான் கல்தூன் மலைப் பக்கம், மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும் ராடாரை இழுத்துக்கொண்டு போகிறவன் வேறு எதைத் தேடுவான்? நாங்கள் தடைப்பகுதிக்குள் போகவில்லை, ஹெர்லென் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டோம். எல்லா அனுமதியும் கையில் இருந்தது. இதை எல்லோரிடமும் முதலில் சொல்லிவிடுகிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

ஒரு மாலை மடிக்கணினியில் அன்றைய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதைந்த பாறை என்றால் கவிழ்ந்த வளைவாகத் தெரியும். இதில் வளைவு இல்லை, இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரே மட்டமாக ஒரு கோடு ஓடி இரண்டு ஓரத்திலும் சட்டென்று அறுந்திருந்தது. எங்களோடு வந்த வனக்காவலர், வயதானவர், பின்னால் நின்று பார்த்துவிட்டு மொழிபெயர்க்கும் பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

"இதில் ஆள் தெரிகிறதா தம்பி?"

இல்லை ஐயா, மண் மாறுகிற இடம் மட்டும்தான் தெரியும், அடியில் உறைந்து கிடக்கும் பனியாகக்கூட இருக்கலாம் என்றேன்.

"அப்படியென்றால் என்ன எழுதுவீர்கள்?"

இயல்பு மாறிய இடம், மேலும் சரிபார்க்க வேண்டும் என்று எழுதுவோம்.

"சரிபார்ப்பது என்றால் தோண்டுவதா?"

அது எங்கள் வேலை இல்லை என்றேன். அவர் சிரித்தார். "தோண்ட வருகிறவன் கையில் உங்கள் தாள்தான் இருக்கும்." அப்புறம் தேநீர் ஊற்றப் போய்விட்டார், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், விதிகளைக் காட்டியிருப்பேன்.

அவர் சொன்னது புதிதும் இல்லை. 1227-இல் இறந்தவரின் இடம் தெரியக்கூடாது என்று அடக்கம் செய்தவர்களே முடிவெடுத்தார்கள். ஊர்வலத்தை எதிரில் கண்டவர்களைக் கொன்றார்கள், மண்மேல் குதிரைகளை ஓட்டித் தடத்தை அழித்தார்கள் என்ற கதைகளில் எவ்வளவு உண்மையோ, ஆனால் அந்த மலைப்பகுதியைக் காவல் போட்டுப் பல நூற்றாண்டுகள் மூடி வைத்திருந்தது உண்மை. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் கருவிகளோடு வந்து தேடிவிட்டு வெறுங்கையோடு போனார்கள். 2002-இல் அமெரிக்கக் குழு ஒன்று எதிர்ப்பு கிளம்பியதும் பாதியில் மூட்டை கட்டியது. அதற்குப் பின் வந்த கலிபோர்னியக் குழு மண்ணைத் தொடவே இல்லை, செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் போட்டுப் பத்தாயிரம் பேருக்கு மேல் குறி வைக்கச் சொன்னது. சுமார் 6,000 சதுர கிலோமீட்டர். கடைசியில் நேரில் போய் 55 தொல்லியல் இடங்களை உறுதிசெய்து 2014-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். தோண்டாமல் தேடுவது மரியாதையான வழி என்று நானும் நம்பித்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் காவலர் கணக்கில் அதுவும் நானும் ஒன்றுதான், தோண்டுகிறவனுக்கு முன்னால் போகிற ஆள்.

சரி, அதனால்தான் இலக்கத்தைக் குறைத்தேனா? முதலில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் குறைத்தேன். சக ஊழியர் பார்த்துவிட்டு, "மற்றதெல்லாம் ஐந்து, இது மட்டும் இரண்டா? அங்கே கொடி நட்டுவிட்டு வா" என்றார். நியாயம்தான். பட்டியல் முழுவதையும் இரண்டாக்கினேன். இப்போது அந்தப் பட்டியலால் எந்தத் தொல்லியல்காரருக்கும் பயனில்லை. அதில் வெண்கலக் காலத்துக் கல்வட்டங்களும் இருந்தன, அவற்றை மறைக்க யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இடிக்கிறது. அது பனியாக இருக்கலாம் என்று காவலரிடம் சொன்னதை நானே நம்பியிருந்தால் மறைக்க என்ன அவசியம்? நம்பவில்லை என்றால் அறிக்கையில் "பெரும்பாலும் இயற்கை" என்று ஏன் எழுதினேன்? பத்தில் ஒன்பது தடவை பனிதான், பாறைதான். அந்தப் பத்தாவதை நினைத்துத்தான் எண்களை வெட்டினேன் என்று சில நாள் தோன்றும். சில நாள், ஒரு கிழவர் சிரித்ததைத் தாங்க முடியாமல் செய்த காரியம் என்று தோன்றும். கல்லறைத் திருட்டு அங்கே கற்பனையும் இல்லை, செங்கிஸ் கானுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன் மங்கோலியாவை ஆண்ட ஷியோங்னு நாடோடிகளின் காலத்துக் கல்லறைகள் எத்தனையோ பழங்காலத்திலேயே சூறையாடப்பட்டவை.

ஆனால் மூலத் தரவு? அது ஒப்பந்தப்படி முழுதாக, ஐந்து இலக்கத்தோடு, வன்தட்டில் அவர்களிடமே போய்விட்டது. நான் வெட்டியது வெளியே சுற்றப்போகிற அறிக்கையை மட்டும். காவலரிடம் இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறுபடி சிரித்திருப்பார்.

போன மாதம் வேறொரு குழு எனக்கு நேரடியாக எழுதியது. அறிக்கையில் எண்கள் சுருக்கமாக இருக்கின்றன, முழு எண்கள் கிடைக்குமா என்று. ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. தரவு என் சொத்து இல்லை, அமர்த்தியவர்களைக் கேளுங்கள் என்று பதில் போடலாம். அது உண்மைதான், எனக்கு வசதியும்கூட. கேட்டால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.