கர்ப்பத்தில் புகையிலையை விட்ட என் அனுபவம்

வேடசந்தூர் பக்கம் புகையிலைக் காட்டு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே கிள்ளிப் போட ஒரு துண்டுப் புகையிலை. எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது, "இதைக் கொஞ்சம் அடக்கிக்கொள் தாயி, வலி மரத்துப்போகும்" என்று உடன் வேலை செய்த பெரியம்மா ஒருவர் கொடுத்தார். வலி மரத்தது; பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கர்ப்பம் தரித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யப் போனேன். எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்த செவிலியர், என் பற்களைக் கவனித்துவிட்டு, "புகையிலை போடுவாயா அம்மா?" என்று கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. அதனால்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது. எல்லோரும் இப்படிக் கேட்டால் எத்தனையோ பெண்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

பீடி, சிகரெட்தான் கெடுதல், மெல்லுவதில் புகை இல்லையே என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கன்னத்தில் அடக்கிய புகையிலையின் நிகோடின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. குழந்தையின் ரத்தத்தில் தாயினுடையதைவிடக் கூடுதலாகவே சேரலாம். குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அது சுருக்குகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையையும் நுரையீரலையும் பாதிக்கிறது. குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பிறகு நானே தேடிப் படித்தேன். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், ஏறக்குறைய 6 நாள் முன்னதாகவும் பிறந்திருந்தார்கள். 105 கிராம் அற்பமாகத் தோன்றலாம். 2.5 கிலோவுக்குக் கீழே போனாலே எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. ரத்தசோகையோடு கூலி வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களின் குழந்தைகள் பலவும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் பிறக்கின்றன. அங்கே நூறு கிராம் பெரிய விஷயம்.

விட வேண்டும் என்று முடிவெடுப்பது எனக்குக் கடினமாக இல்லை. மசக்கையோடு விடுவதுதான் பெரும்பாடு. வாய் எந்நேரமும் ஊறும், குமட்டும். ஒரு துண்டு போட்டால் அடங்கிவிடும் என்று மனம் சொல்லும். தலைவலி, தூக்கமின்மை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். "முன்பைவிட ஏன் இவ்வளவு தவிக்கிறது?" என்று செவிலியரிடம் கேட்டேன். கர்ப்பத்தில் உடல் நிகோடினை வேகமாக வெளியேற்றிவிடும், அதனால் மறுபடி கேட்பதும் சீக்கிரமே வரும் என்றார். அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. என் மன உறுதியில் கோளாறு இல்லை என்று புரிந்தது.

வெறும் வைராக்கியம் போதாது, புகையிலை எதற்கெல்லாம் பயன்பட்டதோ அதற்கெல்லாம் வேறு வழி பார்க்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். முதலில் பல். கர்ப்பிணிக்குப் பல் பிடுங்கக்கூடாது என்று வீட்டில் பயந்தார்கள். அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரோ நான்காவது, ஐந்தாவது மாதம் அதற்கு ஏற்ற காலம் என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து எடுத்துவிட்டார். புகையிலைக்கு இருந்த மூலகாரணமே அன்றோடு போயிற்று. குமட்டலுக்குக் காய்ந்த நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டேன். "புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு போடேன்" என்றார் அத்தை. பாக்கும் குழந்தைக்கு ஆகாது என்று செவிலியர் சொல்லிவிட்டதால் அதையும் ஒதுக்கினேன். புகையிலையை விட உதவும் என்று கடையில் விற்கிற நிகோடின் மிட்டாய் வாங்கலாமா என்றும் செவிலியரிடம் கேட்டேன். அதிலும் இருப்பது நிகோடின்தான், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்றார்.

யாரும் எனக்கு முன்பே சொல்லாத ஒன்று உண்டு. பனி ஈரத்தோடு இருக்கும் புகையிலை இலையைத் தொட்டு வேலை செய்தாலே நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறும். காலையில் கொழுந்து கிள்ளப் போன பெண்கள் தலைசுற்றி வாந்தி எடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வெயில் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வெயில் ஏறுமுன்பே வருகிற மயக்கம் எப்படி வெயிலால் வரும்? நான் அந்த வேலையை விட்டு முருங்கைத் தோட்டத்துக்கு மாறினேன். கூலி குறைந்தது, கணவர் கூடுதல் வேலை பார்த்துச் சமாளித்தார். மாற்று வேலை கிடைக்காத கர்ப்பிணிகள் என்ன செய்வார்கள் என்பதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுப்பது காட்டுக்காரர்களுக்குப் பெரிய செலவில்லை.

தவிப்பு மிகுந்த சில நாட்களில் 1800 11 2356 என்ற இலவச எண்ணை அழைத்தேன். புகையிலையை விட நினைப்பவர்களுக்காக மத்திய அரசு 2016-இல் தொடங்கிய சேவை அது, தமிழிலும் பேசுகிறார்கள். அதன்பின் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

பெண் குழந்தை, 2.8 கிலோ. செரிமானத்துக்கு என்று பிள்ளை பெற்றவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதில் புகையிலை வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. தாய்ப்பாலிலும் நிகோடின் கலக்கும் என்பதால் வெற்றிலைத் தட்டையே அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தன் சுருக்குப்பையைத் திண்ணையோடு நிறுத்திக்கொண்டார். கை கழுவி, வாய் கொப்பளித்த பிறகே பேத்தியைத் தூக்குகிறார்.

ஆனால் அவர் இன்னும் விடவில்லை. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்கிறார். மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும்போது பேத்தியை அவர் மடியில்தான் கொடுத்து அழைத்துப் போகப் போகிறேன். அங்கேயே வாயையும் காட்டிவிடலாம்.