தையல் மிஷின் கதை: திருத்திய நாட்கள்

ஜனவரி 4

தையல் மிஷின் கதை இன்று முடிந்தது. 3,140 வார்த்தை. அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்ய வரும் அக்கா தங்கையைப் பற்றியது. மற்ற சாமான்களையெல்லாம் பிரித்துக்கொண்டாயிற்று, மிஷின் யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. தங்கை சொல்வதாக எழுதியிருக்கிறேன்.

முடித்த கையோடு யாருக்காவது அனுப்பிவிட வேண்டும் போலிருக்கிறது. இதற்கு முன் எழுதிய மூன்று கதைகளையும் அப்படித்தான் அனுப்பினேன். அனுப்பிய மறுவாரம் கண்ணில் பட்ட பிழைகள் இன்றும் உறுத்துகின்றன. இந்தக் கதையை அப்படி விட மனமில்லை. மூன்று வாரம் கோப்பைத் திறப்பதில்லை.

ஜனவரி 13

திறக்கவில்லை. ஆனால் நடக்கும்போதும் தூங்கப் போகும்போதும் அக்காவின் முகம் வந்து நிற்கிறது. கதை சொல்கிறவள் தங்கை, அவள் முகம் வரவே இல்லை. குறித்துவைக்கிறேன்.

ஜனவரி 25

அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுப் படித்தேன். நாக்கு இடறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். நின்று திருத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். திருத்த ஆரம்பித்தால் அந்த வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வேன், கதை முழுதாகக் காதில் விழாது.

மொத்தம் 41 கோடுகள். முதல் கோடு விழுந்த வாக்கியம் இது: ‘திறந்துகொண்டிருந்த கதவின் வழியாக வந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.’ மூன்று ‘கொண்டிருந்த’. திரையில் பத்து தடவையாவது படித்திருப்பேன், கண் ஒருமுறைகூட நிற்கவில்லை. வாய் உடனே நின்றுவிட்டது.

ஜனவரி 28

‘கதவு திறந்திருந்தது. வெளிச்சத்தில் அக்கா நின்றாள்.’ இப்போது மூச்சு சரியாக விழுகிறது.

‘நான்’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மட்டும் 14. ‘வந்தேன்’ என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடுகிறது, வினையிலேயே ஆள் இருக்கிறது. பதினொன்றை எடுத்தேன். மூன்றைத் தொட முடியவில்லை. அதில் ஒன்று, ‘அக்கா அழவில்லை. நான் அழுதேன்.’ இங்கே ‘நான்’ போனால் தங்கையின் குற்றச்சாட்டும் போய்விடும். தேவையில்லாத பதினொன்று போன பிறகு, இந்த ‘நான்’ எவ்வளவு கனமாக விழுகிறது!

‘அவள்’ என்ற சொல் வேறு மாதிரி சிக்கல். அக்கா, அம்மா, இரண்டு பேருமே ‘அவள்’தான். வினைமுற்றும் இருவருக்கும் ஒன்றுதான். இரண்டு இடத்தில், துணியை மடித்தது யார் என்று எழுதிய எனக்கே குழப்பம். வெட்கப்படாமல் ‘அக்கா’, ‘அம்மா’ என்று திரும்பத் திரும்பப் போட்டேன். உறவுப் பெயர் எத்தனை தடவை வந்தாலும் காதுக்கு அலுப்பதில்லை.

பிப்ரவரி 2

கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு பக்கம் பயணம், மழை, சின்ன வயது ஞாபகம். அதையெல்லாம் எழுதித்தான் அந்த வீட்டுக்குள் போக முடிந்தது, அது எனக்குத் தேவைப்பட்டது. படிக்கிறவருக்குத் தேவையில்லை. அதிலிருந்து எடுத்துவைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்: தங்கை அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அக்காவின் வாயிலேயே அது வந்துவிட்டது: “ரெண்டு வருஷத்துல ஸ்விட்சு எங்க இருக்குன்னுகூட மறந்துட்டியா?”

வெட்டியதை அழிக்கவில்லை. ‘வெட்டியவை’ என்று தனிக் கோப்பு போட்டு அதில் ஒட்டிவைக்கிறேன். எங்கும் போய்விடாது என்று தெரிந்ததும் கை துணிகிறது. இப்போது 2,390 வார்த்தை.

பிப்ரவரி 9

ஒரு வாரமாக ஒரே பத்தி. தங்கை முதன்முதலில் அக்காவைப் பார்க்கும் இடம். ‘கல்லாய் இறுகிய முகத்துடன், ஈரமற்ற கண்களுடன்’ என்று இருந்தது. ‘இறுகிய’ போய் ‘உறைந்த’ வந்தது. ‘ஈரமற்ற’ போய் ‘வறண்ட’ வந்தது. அப்புறம் ஒரு உவமை சேர்ந்தது, மறுநாள் போனது. ஆறு விதமாக எழுதிவிட்டேன். ஆறும் பொய்யாகத்தான் தெரிகிறது.

நீண்ட நாளாகக் கதை எழுதிவரும் நண்பர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கொடுத்தேன். அவர் வார்த்தைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அந்த அக்கா அம்மாகூட எத்தனை வருஷம் இருந்தா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தங்கையின் பள்ளி நாட்கள்வரை எனக்குத் தெரியும். அக்காவைப் பற்றி ஒன்றுமே யோசிக்கவில்லை. தங்கைக்குப் பிடிக்காதவள் என்பதற்கு மேல் நான் போகவே இல்லை.

பிப்ரவரி 10

அக்காவின் பக்கமாக உட்கார்ந்து எழுதினேன். கதைக்காக இல்லை, எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நான்கு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் இது வந்து விழுந்தது: கடைசி வருடங்களில் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அக்காதான். தினமும் காலையில் கோத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். பழைய வரைவில், மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்ததும் தங்கை ஊசியில் தொங்கும் நீல நூலைப் பார்ப்பாள், ‘அம்மா கடைசியாகக் கோத்த நூல்’ என்று அழுவாள். கதையின் உச்சம் என்று நான் நினைத்திருந்த இடம் அது. அந்த நூலைக் கோத்தது அம்மா இல்லை. தங்கைக்கு அது தெரியாது. அக்கா பக்கத்தில் நின்று, தங்கை அழுவதைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருக்கிறாள்.

திரும்ப வந்து அந்தப் பத்தியைத் திறந்தேன். ‘கல்லாய் இறுகிய’ முதல் எல்லா அடைமொழிகளையும் எடுத்தேன். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. ‘அக்கா மிஷினின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்’ என்று மட்டும் இருக்கிறது. ஒரு வாரம் சொல் தேடினேன், ஆனால் அங்கே குறைந்தது சொல் இல்லை, ஆள். பென்சில் கோடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அழகாக எழுத முயன்று இடறிய இடங்களில் பாதிக்கு மேல் அக்கா வரும் இடங்கள்.

பிப்ரவரி 12

உரையாடல். அக்கா “நீ எப்பொழுது வந்தாய்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் விறைப்பாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். “எப்ப வந்த?” என்று மாற்றியதும் குரல் வந்துவிட்டது. சீறினாள், வெடித்தாள், முணுமுணுத்தாள் எல்லாம் ‘என்றாள்’ ஆயிற்று. நான்கு இடத்தில் அதுவும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 16

வெட்டும் வேகத்தில் 1,420க்கு வந்துவிட்டேன். காலையில் படித்தால் எலும்புதான் மிச்சம்.

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் ஞாபகம் வந்தது. 1981இல் வந்த அவருடைய தொகுப்பில் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். அச்சுக்குப் போகும் முன்பே, நிறுத்திவிடும்படி கெஞ்சிக் கடிதம் எழுதினார் கார்வர். புத்தகம் வந்தது, பெரிய பெயரும் வாங்கித் தந்தது. ஆனாலும் அதில் மிகவும் குறுகிப்போன ஒரு கதையை, 1983இல் வந்த அடுத்த தொகுப்பில் அவர் மறுபடி நீளமாகச் சேர்த்தார். மகனைப் பறிகொடுக்கும் பெற்றோரின் கதை அது. எனக்கு நீளமான வடிவம்தான் பிடிக்கும். அந்தத் துக்கத்தோடு உட்கார நேரம் தருகிறது.

‘வெட்டியவை’ கோப்பைத் திறந்து ஒரு பத்தியைத் திரும்ப எடுத்துவந்தேன். அம்மா மிஷினுக்கு எண்ணெய் விடுவது. துளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, கழிவுத் துணி ஒன்றை வைத்துக் கொஞ்ச தூரம் வெறுமனே ஓட்டுவாள். மிச்ச எண்ணெயை அந்தத் துணி குடித்துவிடும், நல்ல துணியில் கறை படாது. கதையை இந்தப் பத்தி ஒரு அடிகூட நகர்த்துவதில்லை என்று வெட்டியிருந்தேன். அம்மா உயிரோடு இருக்கும் ஒரே இடம் அது. இன்னும் சில வரிகளும் திரும்பின. 1,760.

பிப்ரவரி 21

முடிவு. ‘அப்போதுதான் எனக்குப் புரிந்தது’ என்று தொடங்கி எட்டு வரி. அக்காவின் தியாகத்தைத் தங்கை விளக்குகிறாள்.

ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை மாற்றி எழுதியதாக 1958இல் வெளியான நேர்காணலில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, வார்த்தைகளைச் சரியாக அமைப்பதுதான் என்றார். எனக்கு இது ஏழாவது தடவை. சிக்கல் வார்த்தையில் இருக்கிறதா, இன்னும் ஆளில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் ஐந்திலும் தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். ஆறாவதில் பேச்சை நிறுத்தினேன். ஏழாவதில் நூலை ஊசியிலிருந்து உருவவிட்டேன்.

மிஷினைத் தூக்கும்போது துணி மாட்டி நூல் வெளியே வந்துவிடுகிறது. தங்கை கோக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அக்கா வாங்கி, நுனியைப் பல்லால் கடித்து, நாக்கில் தொட்டு, ஒரே தடவையில் கோத்துவிடுகிறாள். ‘அக்கா ஊசியைப் பார்க்கவே இல்லை’ என்ற வரிக்குப் பின் இருந்த எட்டு வரியையும் எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 24

ஒற்றுப் பிழை பார்ப்பது இன்றைக்குத்தான். முன்பெல்லாம் இதைத்தான் முதலில் செய்வேன், பின்னால் வெட்டப்போகும் பக்கங்களுக்குக்கூட ‘க்’, ‘ச்’ போட்டுக்கொண்டிருப்பேன். நூல் இரண்டாம் பக்கத்தில் நீலம், ஐந்தாம் பக்கத்தில் கறுப்பு. சரிசெய்தேன். காலையில் தொடங்கிய காட்சியில் நடுவே சாயங்கால வெளிச்சம் விழுந்திருந்தது, அதுவும் சரியாயிற்று.

தலைப்பு ‘அம்மாவின் நூல்’ என்று இருந்தது. ‘நீல நூல்’ என்று மாற்றினேன். நாளை நண்பருக்கு முழுக் கதையையும் கொடுக்கிறேன். அக்காவைப் பற்றி இந்த முறை எது கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது.